வாய்ப்புண்: மருந்து தடவும் முன் என்ன பார்க்க வேண்டும், எப்படித் தடவ வேண்டும்

வாய்ப்புண் வந்தால் "உடம்பு சூடு" என்று சொல்லிவிட்டு, மெடிக்கலில் ஒரு பட்டை பி காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்குவது நம் வழக்கம். சத்துக் குறைவால் வந்த புண்ணுக்குத்தான் அது உதவும். உடைந்த கடைவாய்ப் பல் தினமும் உரசிக் கிழிக்கிற புண், மாதக்கணக்கில் மாத்திரை போட்டாலும் ஆறாது. அதனால் மருந்துக்கு முன்னால் வாயைப் பாருங்கள்.

படி 1: வெளிச்சத்தில் பாருங்கள்

கையைக் கழுவி, கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடியுங்கள். உதட்டை மடித்துப் பாருங்கள். கன்னத்தை ஸ்பூன் காம்பால் விலக்குங்கள். நாக்கைத் தூக்கி அடிநாக்கையும் இரு ஓரங்களையும் பார்க்கத் தவறாதீர்கள்.

சாதாரண வாய்ப்புண் வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். நடுவில் வெளிர்மஞ்சள் படலம், சுற்றி ஒரு சிவப்பு வளையம், அளவு 1 செ.மீ.க்குள். தொட்டால் சுரீரென்று வலிக்கும். 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் தானாகவே ஆறும். அந்த மஞ்சள் படலம் சீழ் அல்ல, சுரண்டாதீர்கள். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

வாய் ஓரத்தில் வெடிப்பு என்றால் இரும்புச்சத்து அல்லது பி2 குறைவு, பூஞ்சைத் தொற்று, தளர்ந்த பல் செட் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். தயிர் ஒட்டியதுபோல் இருந்து, துடைத்தால் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சை. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது அடிக்கடி வரும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

படி 2: தேதி குறியுங்கள்

புண் தொடங்கிய நாளைக் காலண்டரில் எழுதுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். "போன மாசமோ என்னமோ" என்று சொல்லும்படி ஆனால் நாள் கணக்கு கைவிட்டுப் போகும்.

படி 3: காரணத்தை நீக்குங்கள்

கூரான பல், குத்தும் பிரேசஸ் கம்பி, உரசும் பல் செட் இருந்தால் பல் மருத்துவர் சில நிமிடங்களில் ராவிச் சரிசெய்வார். புண் திரும்பத் திரும்ப வந்தால், சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இல்லாத பற்பசைக்கு மாறிப் பாருங்கள். அப்படியும் வந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) பரிசோதனை செய்துகொள்ளலாம். அசைவமும் பாலும் தவிர்ப்பவர்களுக்கும், நெடுநாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்புப் பாதிப்பு உள்ளே வளரும்.

ஓர் அவசரம்: மூட்டுவாதம், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு வாய் முழுக்கப் புண் வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 4: கொப்பளித்துத் தடவுங்கள்

ஒரு டம்ளர் (சுமார் 250 மி.லி.) வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஒரு நாளைக்கு 3, 4 முறை, அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்புங்கள். உப்பைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும்.

வலி அதிகமென்றால் மருத்துவரைக் கேட்டு 0.1% டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு வாய்ப் பேஸ்ட் வாங்கலாம். பலருக்கு இது பலன் தராமல் போவது தடவும் விதத்தால்தான். சாப்பிட்டு, வாய் கொப்பளித்தபின் புண்மீது சுத்தமான துணியை ஒற்றி ஈரத்தை எடுங்கள். எள்ளளவு பேஸ்ட்டை விரல் நுனியில் எடுத்து, தேய்க்காமல் ஒற்றி வையுங்கள். தேய்த்தால் மணல் மணலாகத் திரிந்து உதிர்ந்துவிடும். சரியாக வைத்தால் வழவழப்பான மெல்லிய படலம் புண்ணை மூடும். படுக்கப் போகும்முன் வைப்பது கட்டாயம். இரவு முழுக்க ஒட்டியிருக்கும். கொப்புளமாகத் தொடங்கிய ஹெர்பிஸ் (வைரஸ்) புண்ணுக்கும் பூஞ்சைக்கும் இதை வைக்காதீர்கள், தொற்று அதிகமாகும்.

ஆஸ்பிரினை நசுக்கிப் புண்ணில் வைப்பது, கிராம்பு எண்ணெயை அப்படியே தடவுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் சதையைச் சுட்டுப் புண்ணைப் பெரிதாக்கும். வாய்ப்புண் வலிக்குத் தடவும் கோலின் சாலிசிலேட் ஜெல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த காரமில்லாத தண்ணிச்சாறு தாராளமாகச் சாப்பிடலாம், எரியாமல் இறங்கும். ஆனால் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

படி 5: எப்போது காட்ட வேண்டும்

இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்காத புண், மூன்று வாரம் தாண்டிய புண் எதுவானாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. ஆரம்பப் புற்று வலிக்காமலேயே இருக்கலாம். ஓரம் தடித்துக் கெட்டியாக இருப்பது, தொட்டால் ரத்தம் கசிவது, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல் இவை இருந்தால் வாரக்கணக்கு பார்க்காமல் போங்கள். பாக்கு, குட்கா, புகையிலை போடுபவர்கள் தங்கள் மூன்று விரல்களை நேர்க்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால் பாக்கு உள்சதையை இறுக்கத் தொடங்கிவிட்டது.

சந்தேகம் இருந்தால் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுச் பரிசோதனைக்குச் சிறு துண்டுச் சதை எடுப்பார். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்; தாமதத்தில்தான் பரவுகிறது. போகும்போது தேதி குறித்த காலண்டர் தாள், போட்டோ, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைப் பட்டைகள் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.