கற்பனை நிலக்காட்சியை லினோகட்டில் அச்சிடுவது எப்படி?

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் ஆர்னால்ட் போக்லின், 1880-க்கும் 1886-க்கும் இடையில் ‘இறந்தோரின் தீவு’ என்ற காட்சியை ஐந்து முறை வரைந்தார். தீவு கற்பனை. ஆனால் அதில் உள்ளதெல்லாம் உலகில் இருப்பவைதான்: செங்குத்துப் பாறை, அசையாத நீர், ஒரு படகு, ஐரோப்பியர் கல்லறைத் தோட்டங்களில் வளர்க்கும் சைப்ரஸ் மரங்கள். படகில் வெள்ளை போர்த்தி நிற்கும் உருவத்தையும் சவப்பெட்டியையும், கணவரை இழந்த மாரி பெர்னா கேட்டுக்கொண்டதால் சேர்த்தார். நம் கண் முதலில் போய் நிற்பது அந்தச் சின்ன வெள்ளையில். 1890-ல் ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் இதை எட்சிங்காக (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சு) அச்சிட்டார். வண்ணம் இல்லாமலும் அந்தத் துக்கம் அப்படியே இருக்கிறது. லினோகட் என்பது லினோலியம் (சுருக்கமாக லினோ) என்ற மெத்தென்ற தகட்டைச் செதுக்கி, மை பூசி அச்சிடும் முறை. இந்தக் காட்சியை அதைப் பழக நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

1. ஓர் உணர்வைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுமக்க இரண்டு மூன்று பொருள்கள் போதும். சைப்ரஸைப் பார்த்தால் நமக்கு மரணம் நினைவுக்கு வராது. நீங்கள் அறிந்த பொருளாக எடுங்கள். பிரிவு என்றால் மாலை நேரக் கடற்கரை. நெய்தல் பாட்டுகள் காட்டிய வழி அது.

2. கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரையுங்கள். இதுதான் முக்கியம். லினோவில் செதுக்காத இடமெல்லாம் கறுப்பாக விழும், வெள்ளைக்குத்தான் உழைப்பு. ஆகவே பளிச்சென்ற வெள்ளை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

3. படத்தை டிரேசிங் தாளில் பென்சிலால் எடுத்து, லினோ மேல் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். அச்சில் இடவலம் சரியாக வரும்.

4. லினோவைக் கொஞ்சம் வெயிலில் வைத்தால் இளகும். மெல்லிய கோட்டுக்கு ‘V’ வடிவ உளி, அகலத்துக்கு ‘U’ வடிவ உளி. பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பாறைக்கு மேலிருந்து கீழாக, தண்ணீருக்குக் கிடையாக வெட்டுங்கள். தண்ணீரில் கோடுகள் அடர்ந்தால் அலை அடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டால் நீர் உறைந்து நிற்கும்.

5. கண்ணாடி மேல் மையை ரோலரால் மெல்லிசாகப் பரப்புங்கள். ரோலர் ‘சர்ர்’ என்று சத்தமிட்டால் பதம் சரி. லினோவில் பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கவும். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். மை பிடிக்காத இடத்தை மறுபடி தேய்க்கலாம்.

முதல் அச்சு சோதனைக்குத்தான். பாறை ரொம்பக் கறுத்திருந்தால் இன்னும் சில கோடுகள் வெட்டி மறுபடி அச்சிடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், கை நடுங்கும் இடத்தில் குறைவாகவே வெட்டுங்கள்.