விதைக் குழுவில் சமரசத்துக்கென்று சிலர்

நாட்டு விதைகளைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், முளைக்காத விதைகளைப் பற்றிய புகார்கள் வசைகளாக மாறியபோது, நிர்வாகிகளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தது பகையை வளர்த்ததேயன்றித் தணிக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் சமரசம் பேசுவதற்கும் தீர்ப்பு வழங்குவதற்கும் 2004ஆம் ஆண்டிலேயே தனித்தனிக் குழுக்கள் இயங்கியதை அறிந்திருந்ததால், உறுப்பினரை நீக்கும் அதிகாரம் ஏதுமற்ற தன்னார்வலர் சிலரைச் சமரசத்துக்கென்று மட்டும் அமர்த்தினோம். புகார் வந்ததும் அவர்கள் இரு தரப்பினரிடமும் தனித்தனியே பேசி, விதை சேகரித்த நாள், காயவைத்த முறை, விதைத்த ஆழம் ஆகியவற்றைக் கேட்டறிவார்கள்; அந்தப் பேச்சு பின்னர் எவருக்கும் எதிரான சான்றாகப் பயன்படுத்தப்படாது என்ற விதியே, என் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட மக்களை மனம்திறக்க வைத்தது. புகாரில் தொடர்புடையவருக்கு உறவினராகவோ நண்பராகவோ இருக்கும் தன்னார்வலர் விலகிக்கொள்வார். வேண்டுமென்றே ஏமாற்றியவர்களின் விவகாரம் மட்டும் இன்றும் நிர்வாகிகளிடமே செல்கிறது.