பக்கத்து வீட்டுப் பெண் விலகிப் போகிறாளா?

தாராவி 90 அடி சாலைப் பக்கம் தையல் கிளாஸ் நடத்துகிறேன். மத வெறிக் கும்பலிடம் ஒரு பெண் சிக்கினால், "மூளைச்சலவை பண்ணிட்டாங்க" என்று முடித்துவிடாதீர்கள். அவளுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று பாருங்கள். 2015 பிப்ரவரியில் லண்டனிலிருந்து மூன்று பள்ளி மாணவிகள் ஐ.எஸ். என்ற பயங்கரவாத இயக்கத்தில் சேர சிரியா போனார்கள். அவர்களில் ஒருத்தியான ஷமீமா பேகத்துக்கு அப்போது வயது 15. அந்த இயக்கம் பெண்களிடம் கணவன், வீடு, தோழிகள், மரியாதை என்றுதான் ஆசை காட்டியது.

என்னிடம் படித்த ஒரு பெண் ரவிக்கைத் துணிக்கு அடியில் போனை வைத்துத் தைப்பாள். அது அதிர்ந்தால் மெஷின் நின்றுவிடும். "தினமும் சாப்பிட்டியான்னு அங்க ஒருத்தி கேக்கறா அக்கா" என்றாள். வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை.

பக்தி கூடினால் பயப்படாதீர்கள், எந்த மதமானாலும் அது அவள் உரிமை. பழைய தோழிகளை அறுத்துவிடுவதும், "அவங்களை ஒழிக்கணும்" என்ற பேச்சும்தான் அபாயம். போனைப் பிடுங்காதீர்கள், அவசரமாக மாப்பிள்ளை தேடாதீர்கள். "வீட்டுக்கு நீ பாரம்" என்று அந்தக் கும்பல் அவளிடம் சொன்னது உண்மையாகிவிடும். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்களா?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். அவள் மதிக்கும் அத்தையோ, அவள் மதத்தை நன்றாகப் படித்த பெரியவரோ பேசட்டும். ரகசிய டிக்கெட், ஆயுதப் பேச்சு என்றால் தயங்காமல் அவசர எண் 112-ஐ அழையுங்கள்.

நான் தினமும் மதியம் இரண்டு சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். மூன்றாவது வாரம் அவளே போனை என் கையில் கொடுத்தாள்.