உள்ளார்ந்த உந்துதல் ஆய்வு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இறுதியாண்டு ஆய்வுக்கு, வெகுமதி கொடுத்து நிரலைப் பழக்கும் வலுவூட்டல் கற்றலை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வெளியிலிருந்து புள்ளி எதுவும் கொடுக்காமல், புதியதைத் தேடும் ஆவலையே வெகுமதியாக்கி ஒரு ஏஜென்டை, அதாவது தானாக முடிவெடுத்து ஆடும் நிரலை, கற்கவைப்பது யாரையும் இழுக்கும் எண்ணம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். கோட் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

இரைச்சலை ஆர்வம் என்று நம்புவது

அடுத்த காட்சியைக் கணிக்க முடியாத இடத்துக்கெல்லாம் வெகுமதி என்று வைத்தால், நானுஓயாவில் கமெராவை வெளியே திருப்பியதுமே வேலை கெட்டுவிடும். மூடுபனி அடுத்த நொடி எப்படி நகரும் என்று கணிக்கவும் முடியாது, அதில் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஏஜென்ட் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். கணிப்புப் பிழையின் அளவுக்கு அல்ல, பிழை குறைந்துவருவதற்கே வெகுமதி கொடுக்க வேண்டும் என்று யூர்கன் ஷ்மிட்ஹூபர் 1991 இலேயே எழுதிவிட்டார்.

உயிர்பிழைத்துக் கிடந்ததை ஆர்வத்தின் கணக்கில் எழுதுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மாணவர் பைதனில் தானே ஓர் ஓட்ட விளையாட்டை எழுதினார். மலைப்பாதையில் ஓர் உருவம் ஓடும், பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கணிப்புப் பிழை மட்டுமே வெகுமதி. கொழும்பில் வேலை செய்யும் அக்கா அனுப்பிய காசில் ஜிபியூ (பயிற்சிக்கான வேகக் கணிச்சில்லு) வாடகைக்கு எடுத்து வாரக்கணக்கில் ஓட்டியிருந்தார். "சேர், ஒரு புள்ளிகூட குடுக்கல. ஆர்வத்துலயே கத்துக்கிருச்சு பாருங்க" என்று வீடியோவைக் காட்டினார். உருவம் பள்ளம் பள்ளமாகத் தாண்டி வெகுதூரம் போனது.

"கணிப்புப் பிழைய எடுத்துட்டு, ஒவ்வொரு அடிக்கும் சும்மா ஒண்ணு குடுத்து ஓட்டிப் பாருங்க தம்பி" என்றேன். ஓட்டினார். அதே தூரம்தான் போனது.

கணிப்புப் பிழை ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே இறங்காது. ஆட்டம் முடிந்தால் வெகுமதி வரத்து நின்றுபோகும். ஆகவே விழாமல் இருப்பதுதான் லாபம். விழாமல் இருந்தாலே முன்னேறும்படி விளையாட்டு அமைந்திருந்தால், எந்த நேர் எண்ணைக் கொடுத்தாலும் ஏஜென்ட் நன்றாக ஆடும். கொழுந்தை நிறுக்காமல், மலையில் நின்றதற்கே முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போட்டுவிட்டு, எல்லாரும் கொழுந்து பறிக்கும் ஆசையில்தான் வந்தார்கள் என்று சொன்னால் தோட்டத்தில் யார் நம்புவார்கள்?

யூரி புர்டாவும் தீபக் பதக்கும் மற்றவர்களும் 2018 இல் 54 சூழல்களில் ஆர்வத்தை மட்டும் வைத்து நடத்திய ஆய்வில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அட்டாரி என்ற பழைய வீடியோ கேம்கள் சிலவற்றில், உயிரோடிருக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று கொடுத்தாலே நல்ல புள்ளி வந்துவிடும். அதனால் ஆட்டம் முடிந்தது என்ற சமிக்ஞையையே ஏஜென்டிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போது சாவு என்பது தொடக்க இடத்துக்குத் திரும்புவது மட்டும்தான். அங்கே எல்லாம் பார்த்துப் பழகிய காட்சிகள், வெகுமதி குறைவு. அதனால் ஏஜென்ட் சாவைத் தவிர்த்தால், அதை ஆர்வத்தின் விளைவு என்று சொல்ல நியாயம் உண்டு.

இதே தவறு தலைகீழாகவும் வரும். இன்னொரு மாணவி செய்த புதிர்ப்பாதையில் வாசலை அடைந்தால் ஆட்டம் முடியும். அவருடைய ஏஜென்ட் வாசலுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளே போகவே இல்லை. அவர் கோட்டில் பிழை தேடித் தேடிக் களைத்துவிட்டார். கோட் சரியாகத்தான் இருந்தது. வாசலுக்குள் கால் வைத்தால் வருமானம் நின்றுவிடும் என்பதை ஏஜென்ட் சரியாகவே கற்றிருந்தது.

ஆகவே பெரிய ஓட்டத்துக்குக் காசு செலவழிக்கும் முன், சின்னச் சூழலில் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்: மாறாத ஒன்று, தற்செயல் எண், உங்களுடைய ஆர்வ வெகுமதி. முடிவுச் சமிக்ஞையை வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை. மேற்பார்வையாளர்கள் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜிபியூ பில்லைக் கட்டுவது அந்தப் பிள்ளையின் வீடு.

ஒரே ஒரு சீட்

சீட் என்பது தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண். அதை மாற்றினாலே முடிவும் மாறலாம். ஒற்றை ஓட்டத்தின் வரைபடத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மொன்டெசூமாவை மட்டும் துரத்துவது

2015 இல் டீகியூஎன் என்ற வலுவூட்டல் கற்றல் முறை பல அட்டாரி ஆட்டங்களில் மனிதரை மிஞ்சியபோதும் 'மொன்டெசூமாஸ் ரிவெஞ்ச்' ஆட்டத்தில் அதற்குக் கிடைத்தது சுழியம். அன்றுமுதல் எல்லாருக்கும் அதுவே இலக்கு. அங்கே வென்ற ஆர்வ வெகுமதிகள், தேடல் கடினமான மற்ற ஆட்டங்களில் இடையிடையே தற்செயலாக நகரும் சாதாரண எப்சிலன் முறையைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மிஞ்சவில்லை என்று அட்ரியன் அலி தைகா குழுவினர் 2020 இல் காட்டினார்கள். வேறு சில ஆட்டங்களிலும் சோதித்த பிறகு எழுதுங்கள்.

இரண்டு வெகுமதிகளையும் அப்படியே கூட்டுவது

ஆர்வத்துக்குக் கிடைக்கும் உள்வெகுமதியையும் ஆட்டம் தரும் வெளிவெகுமதியையும் சேர்க்கும்போது வரும் தவறு இது. உள்வெகுமதியின் அளவு பயிற்சி நெடுகிலும் மாறிக்கொண்டே இருக்கும். 2018 இல் வந்த ஆர்என்டி என்ற ஆர்வ வெகுமதி முறை அதை ஓடும் நியம விலகலால் (ஏற்றத்தாழ்வின் அளவை அவ்வப்போது புதுப்பித்த எண்ணால்) வகுக்கிறது. இரண்டு வெகுமதிக்கும் தனித்தனி மதிப்பீட்டுத் தலை (இனி வரும் வெகுமதியை மதிப்பிடும் பகுதி) வைத்து, வெளிவெகுமதிக்கு 0.999, உள்வெகுமதிக்கு 0.99 என்று கழிவு விகிதத்தையும் (பிறகு வரும் வெகுமதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும்) பிரிக்கிறது. ஆட்டம் முடியும் இடத்தில் உள்வெகுமதிக் கணக்கைத் துண்டிப்பதும் இல்லை. இதன் கோட் வரிகளை நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசி அமைப்பைத்தான். அதை விட்டால் ஒவ்வொரு சாவும் பெரிய நட்டமாகி, ஏஜென்ட் ஆபத்தான தாவலுக்கே போகாது.