பச்சைப் பூக்களுக்கு ஏற்ற இடம்

சிவப்புப் பூவும் மஞ்சள் பூவும் தெருவில் போகிறவரைக்கூட நிறுத்திவிடும்; பச்சைப் பூ, பக்கத்தில் வந்து நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே எந்தச் செடியை வாங்குவது என்று யோசிக்கும் முன்பு, அதை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வாசற்படியின் ஓரம், நடைபாதையின் திருப்பம், சன்னலுக்கு வெளியே கண் மட்டத்தில் ஓர் இடம் ஆகியவை பொருத்தமானவை. பூவுக்குப் பின்னால் அதே சாயல் பச்சை இலைகள் இருந்தால் பூ அவற்றுள் கரைந்துவிடும். வெள்ளைச் சுவரோ கருஞ்சிவப்பு இலைகள் கொண்ட குரோட்டனோ இருந்தால் இதழின் விளிம்பு வரை துலங்கும்.

நம் ஊர்த் தோட்டத்துக்கு நான் முதலில் சொல்வது மனோரஞ்சிதம். சீதாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இச்செடியின் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், தடித்த ஆறு இதழ்கள் மும்மூன்றாக இரண்டு அடுக்குகளில் அமைந்திருப்பது தெரியும். பச்சையாக இருக்கும்வரை அதில் மணம் மிகக் குறைவு. மஞ்சள் ஏற ஏறத்தான் பழுத்த பழத்தின் வாசம் கிளம்பி வீட்டுக்குள் வரை வரும். எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழத்தின் மணம் வரும் என்று பெரியவர்கள் சொல்வதில் வியப்பில்லை, ஏனெனில் அந்த வாசத்தைத் தனி ஒரு பழத்தோடு பொருத்திச் சொல்வது உண்மையிலேயே கடினம்.

பூவைத் தாங்கும் காம்பு கொக்கிபோல் வளைந்து அருகிலுள்ள கிளையைப் பற்றிக்கொண்டு ஏறுவதால், உறுதியான பந்தலோ வளைவோ இதற்குத் தேவை. விதையிலிருந்து வளர்ந்த செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், நாற்றங்காலில் பதியன் செடியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டடி ஆழக் குழியில் மட்கிய தொழுவுரத்தைச் செம்மண்ணோடு கலந்து நட்டு, வேரூன்றும்வரை தவறாமல் நீர் விட வேண்டும். மணத்தைத் தேடிப் பாம்பு வரும் என்ற அச்சத்தால் பலர் இச்செடியை ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பாம்பு தேடுவது மறைவிடத்தை. அடிப்பகுதியில் அடரும் கிளைகளைக் கழித்து, கீழே சருகு சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பச்சை ரோஜாவை ஊட்டியில் 1995இல் அமைக்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்காவில் பலர் பார்த்திருக்கலாம். அதில் இதழ்போல் தெரிபவை உண்மையில் இதழ்களே அல்ல. மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லிகளே அடுக்கடுக்காகப் பெருகி, இதழ்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. மகரந்தத்துக்கும் விதைக்கும் வழியில்லாததால் குச்சி நட்டோ ஒட்டுக் கட்டியோதான் இதைப் பெருக்க முடியும். மற்ற ரோஜாக்கள் உதிர்ந்த பின்னும் இது செடியிலேயே நெடுநாள் நின்று, மெல்லச் செம்பு நிறம் ஏறும்.

விரைவில் பூக்க வேண்டுமென்றால் ‘என்வி’ என்னும் பச்சை ஜின்னியாவின் விதையை, மழைக்காலம் ஓய்ந்தபின் நேரடியாகப் பாத்தியில் தூவலாம். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கும். கடும் வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதால் பிற்பகல் நிழல் விழும் இடம் நல்லது. இலைமேல் நீர் தங்கினால் இலைப்புள்ளி நோய் வரும் என்பதால் வேரடியில் மட்டும் நீர் விடுங்கள்.

ஜின்னியாவைச் சாடியில் வைப்பதற்குப் பறிக்கும்போது, பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். தலை தொய்ந்து ஆடினால் பூ இன்னும் முதிரவில்லை, விறைப்பாக நின்றால் பறிக்கலாம். சாடியில் வேறு இலைகளைச் சேர்க்காமல், தண்டிலுள்ள இலைகளையும் உருவிவிட்டு, வெள்ளைச் சம்பங்கியோடோ அடர் ஊதாச் செவ்வந்தியோடோ வையுங்கள். அப்போதுதான் அந்தப் பச்சை ஒரு பூவின் நிறமாகக் கண்ணில் படும்.