சாய்வு சைக்கிளை ஓட்டிப் பார்க்கிறீர்களா? முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள்

சாய்வு சைக்கிள் என்றால், முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டிப் பெடல் மிதிக்கும் சைக்கிள். விலை உயர்ந்த அந்த வண்டியில் முதன்முதலாக ஏறி இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும். இன்னொரு கட்சி, "ஈஸிசேரில் சாய்ந்துகொண்டே ஊர் சுற்றுகிற மாதிரி இருக்கிறதே" என்று அங்கேயே பர்ஸைத் திறந்துவிடும். இருவரும் வண்டியில் இருந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்தில் ஓட்டுபவரின் பதற்றம் வேண்டுமானால் தெரியும்; வண்டியின் குணம் தெரியாது. நானும் முதல் கட்சியில் இருந்தவன்தான்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவருக்கு வைத்திருந்த அளவிலேயே என்னை ஏற்றிவிட்டார்கள். பெடல் எட்டவில்லை. எட்டுவதற்காக சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்கினேன். முதுகு சீட்டைவிட்டுக் கிளம்ப, தலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. "சாய்வு சைக்கிள் என்றால் கழுத்துவலி" என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு நாள் அதே மாடலை என் காலுக்குச் சரிசெய்து ஓட்டியபோது வலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

அளவு பார்க்காமல் ஏறுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்டும்படி தரையில் உட்காருங்கள். காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து குதிகாலின் அடி வரை எத்தனை செ.மீ. என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். எந்தச் சட்டகம் உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வது இந்த எண்தான், மொத்த உயரம் இல்லை. ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் நான்கு விரல் வித்தியாசப்படலாம்.

வண்டியில் உட்கார்ந்ததும், பெடல் மிகத் தொலைவில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடியும். அதுதான் சரியான இடம். பெடல் கிட்டே இருந்தால் முழங்கால் வலிக்கும். தூரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும். சில வண்டிகளில் சீட்டையே முன்பின் நகர்த்தலாம். பலவற்றில், பெடல் பொருத்தியிருக்கும் முன்குழாயைத்தான் உள்ளே வெளியே தள்ள வேண்டும். அதை 1 செ.மீ. நகர்த்தினால் செயின் நீளம் 2 செ.மீ. மாறும், ஏனென்றால் செயின் போய்த் திரும்ப வருகிறது. அதனால் பெரிய மாற்றம் என்றால் செயினில் கண்ணி கூட்டவோ குறைக்கவோ நேரும். கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது கிளப்புவது. ஆளே விழுவது இங்கேதான். சாதாரண சைக்கிளில் தடுமாறினால் இடுப்பை இப்படி அப்படி அசைத்துச் சமாளிப்போம், நமக்கே தெரியாமல். இங்கே இடுப்பும் முதுகும் சீட்டுக்குள் அடங்கிவிட்டன. சமநிலை முழுக்க ஹேண்டிலின் வேலை. ஆனால் பயத்தில் நாம் செய்வது என்ன? தலையைத் தூக்குகிறோம், தோளை இறுக்குகிறோம், ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்து இழுக்கிறோம். வலது காலை மிதிக்கும்போது ஒரு இழுப்பு, இடது காலுக்கு ஒரு இழுப்பு. வண்டி பாம்பாக நெளிகிறது. "ரொம்ப ஆடுகிறதே" என்று வண்டியைக் குறை சொல்கிறோம்.

காலியான, சமதளமான இடத்தைத் தேடுங்கள். லேசான இறக்கம் இருந்தால் இன்னும் நல்லது. கியரை நடுவுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஆகக் குறைந்த கியர் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அதில் கால்தான் சுற்றும், வண்டி நகராது. வேகம் வராமல் சமநிலையும் வராது. ஒரு காலைப் பெடலில், உச்சியைத் தாண்டிச் சற்றே முன்னால் வையுங்கள். முதுகை சீட்டோடு அழுத்துங்கள். மிதிப்பதற்கான பிடிமானம் முதுகிலிருந்து வருகிறது, கையிலிருந்து இல்லை. கையில் கோழிக்குஞ்சு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை இருபது அடி தள்ளி. ஒரே அழுத்தாக அழுத்தி, தரையில் இருக்கும் காலை உடனே தூக்கிப் பெடலில் வைத்துவிடுங்கள். காலால் உந்தி உந்திக் கிளப்ப முயன்றால் கதை கந்தல்.

பெடலோடு ஷூவைப் பூட்டிக்கொள்வதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பூட்டினால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் நியாயம். ஆனால் ஓடும்போது பாதம் நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே போக, கால் சீட்டுக்கு அடியில் இழுபடும். மூன்று சக்கர வண்டியில் இந்த ஆபத்து ரொம்ப அதிகம். என் வழக்கம் இது: இரு சக்கரமானால் முதல் அரை மணி நேரம் நல்ல பிடிப்புள்ள சாதாரணப் பெடல், கை பழகியபின் பூட்டு. மூன்று சக்கரமானால் நின்றாலும் சாயாது. முதல் நிமிடத்திலிருந்தே பூட்டிக்கொள்ளலாம்.

ஒரு வண்டியை ஓட்டிவிட்டு மொத்தக் குடும்பத்துக்கும் தீர்ப்பு எழுதுவது இன்னொரு தவறு. பெடலுக்கு முன்னால் முன்சக்கரம் இருக்கும் நீள வண்டி, பெடலுக்குப் பின்னால் முன்சக்கரம் இருக்கும் குட்டை வண்டி, இரண்டு பெரிய சக்கரங்களோடு உயரமாக நிற்கும் ஹைரேசர், தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் படுத்துப் போகும் லோரேசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். நீள வண்டி மெதுவாகப் போகும்போது சாதுவாக இருக்கும். ஹைரேசரில் சீட்டின் உயரமே சுமார் 60 செ.மீ. வரும், அதுவும் நன்றாகச் சாய்ந்த சீட். குட்டையான காலுக்குத் தரை எட்டுகிறதா என்று நாலைந்து தடவை நின்று நின்று பாருங்கள், சிக்னலில் நிற்பதுபோல. குரூஸ்பைக் மாதிரி முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டிகளில் பெடலும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். மிதியே வண்டியைத் திருப்பும் என்பதால் பழக நாள் ஆகும். அதைக் கால் மணி நேரத்தில் எடைபோடுவது அநியாயம்.

குட்டை வண்டியில் மறக்காமல் பார்க்க வேண்டியது: மெதுவாக யூ-டர்ன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சிலவற்றில் சக்கரம் அதிகமாகத் திரும்பும்போது குதிகால் அதில் உரசும். எந்தக் கோணத்தில் உரசுகிறது, அந்த நேரம் மிதிக்காமல் பெடலை நிறுத்திவைத்தால் தப்பிக்க முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வேகம் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் பலரை இந்தப் பக்கம் இழுத்து வருவதே அதுதான். 1933-ல் பாரிஸில், சார்ல் மொஷே செய்த வேலோகார் என்ற சாய்வு வண்டியில் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடி, 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் ஒன்றியம் இந்த ரகத்தைப் பந்தயங்களிலிருந்து வெளியேற்றியது. 2016-ல் நெவாடாவில் டாட் ரைகெர்ட் மணிக்கு 144.17 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அது உடம்பு முழுவதும் கூட்டுக்குள் மூடிய வண்டி. கடையில் நிற்பது அதன் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

சாய்வு வண்டியின் லாபம் காற்றைக் கிழிப்பதில். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு, அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்கு. ஆகவே மணிக்கு 15 கி.மீ.-ல் பூங்காவைச் சுற்றினால் எந்த லாபமும் தெரியாது. எதிர்க்காற்றில் நீண்ட சமதளச் சாலை கிடைத்தால் தெரியும். மேட்டில் கதை வேறு. எழுந்து நின்று மிதிக்க முடியாது. உட்கார்ந்தபடியே கியரைக் குறைத்துக் காலைச் சுற்ற வேண்டியதுதான். தொடையும் பிட்டமும் புது மாதிரி வேலை செய்யப் பழகப் பல வாரங்கள் ஆகும். அதனால் மேட்டில் நேரத்தை எண்ணாதீர்கள். நடை வேகத்துக்கு இறங்கும்போது வண்டி நேராகப் போகிறதா, இன்னும் குறைக்கக் கியர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழவழப்பான ரோட்டிலேயே ஓட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. பள்ளம் வந்தால் சாதாரண சைக்கிளில் பிட்டத்தைத் தூக்கிக்கொள்வோம். இங்கே தூக்க முடியாது, அடி நேராக முதுகில் இறங்கும். கெட்டியான கார்பன் சீட்டுக்கும் வலை சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரியும். மோசமான ரோடாகத் தேடிப் போங்கள். பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்: நீள வண்டியில் முன்சக்கரத்தில் எடை குறைவு, சரளைக்கல்லில் முன்பிரேக்கை அழுத்தினால் வழுக்கும். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை வண்டியில் மாட்டாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். சாய்ந்த நிலையில் திரும்பிப் பார்ப்பது கஷ்டம். பார்த்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

காதுக்கும் வேலை கொடுங்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் சாதாரணச் செயின்கள் இரண்டரை, மூன்றைக் கோத்தது போல நீளம். அது சீட்டுக்கு அடியில் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றியோ குழாய்க்குள்ளோ ஓடும். நன்றாகச் செய்த வண்டியில் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும். அழுத்தி மிதிக்கும்போது கரகரப்பு வந்தால், பாதத்துக்கு அதிர்வு வந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்ல விடாதீர்கள். அங்கேயே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? ஒரு மணி நேரமாவது. பாதம் இடுப்பைவிட உயரமாக இருக்கும் வண்டிகளில் கால்விரல் மரத்துப்போவது சிலருக்கு வரும், அது அரை மணி நேரம் கழிந்துதான் தலைகாட்டும். பிட்டத்தில் எரிவதுபோன்ற வலியும் அப்படித்தான். முடிந்தால் மறுநாளும் ஒரு முறை கேளுங்கள். இரவு தூங்கி எழுந்தபின் முதல் நாள் பதற்றம் பாதியாகிவிடும், வண்டியே மாறிவிட்டதோ என்று தோன்றும்.

கடைசியாக, டயர் அளவையும் சைக்கிள் வீட்டுக்குள் போகுமா என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. முன்னால் 20 அங்குலச் சக்கரம் என்றால், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மி.மீ.-ஆ, 451 மி.மீ.-ஆ என்று டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்; இரண்டுக்குமே 20 அங்குலம் என்றுதான் பெயர், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அப்புறம் டேப்பை எடுத்து மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை. வண்டி வந்த அன்று முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. படியிலேயே உட்கார்ந்து முன்குழாயைக் கழற்றி, செயின் கிரீஸ் சட்டையெல்லாம் ஆகி, இரண்டு துண்டாகத்தான் மேலே ஏற்றினேன். பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பெடல் அளவும் அதோடு போயிற்று. இப்போது அந்தக் குழாயில், சரியான இடத்தில், ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.