ரேடியோதெரபியில் ஆய்வாளர் ஆக விரும்பும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ரேடியோதெரபியை நம் ஊர் நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். கரண்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியாமலே கட்டுரை எழுதுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய என் எம்.டி. தீசிஸில் மூன்று மாதம் வரை வந்த பக்கவிளைவுகளை மட்டும் எழுதி முடித்தேன். இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வில் இருந்த ஒரு அம்மா, மலத்தில் ரத்தம் போகிறது என்று ஓபிக்கு வந்தார். என் அட்டவணையில் அவர் ‘பாதிப்பு இல்லை’ என்ற பக்கத்தில் இருந்தார்.

கதிர்வீச்சு தரும் பாதிப்பு இரண்டு தவணையாக வரும். தோல் கறுப்பது, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு எல்லாம் சில வாரங்களில் வந்து ஆறிவிடும். திசு இறுகுவது, குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ரத்தம் கசிவது போன்றவை பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தே தெரியும். எம்.டி. படிப்போ மொத்தமே 3 வருடம். அதனால் தீசிஸ் முடிந்ததும் ஆய்வும் முடிந்தது என்று ஃபைலை மூடிவிடக் கூடாது.

மும்பை டாடா மெமோரியல் குழு 2021-ல் வெளியிட்ட பார்சர் ஆய்வைப் பாருங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த 300 பெண்களில் ஒரு பாதிக்கு ஐஎம்ஆர்டி (கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி, பக்கத்து உறுப்புகளுக்குப் போவதைக் குறைப்பது) முறையிலும், மறுபாதிக்குப் பழைய முப்பரிமாண முறையிலும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 3 வருடத்தில் மிதமான அல்லது கடுமையான குடல் பாதிப்பு பழைய முறையில் சுமார் 42 சதவீதம், ஐஎம்ஆர்டியில் சுமார் 21. நோயைக் கட்டுப்படுத்துவதில் வித்தியாசம் இல்லை. அத்தனை வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததால்தான் இந்தக் கணக்கு கிடைத்தது.

எனவே முதல் நாளே நோயாளியின் எண்ணோடு மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் வாங்கி வையுங்கள். வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். பஸ் செலவுக்குக் காசில்லாமல் நின்றுபோனவர்கள் நிறைய. அதைக் கேட்டு எழுதுவதும் ஆய்வுதான்.

சிகிச்சைக்கு நடுவே விட்டுப்போன நாட்களைக் குறிக்காமல் விடுவது அடுத்த தவறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக் கதிர்வீச்சும், உடலுக்குள்ளேயே கதிர் மூலத்தை வைத்துக் கொடுக்கும் பிரேக்கிதெரபியும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். மெஷின் ரிப்பேர், திருவிழா, வீட்டில் சாவு என்று நாள் தள்ளிப்போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். அந்தத் தேதிகள் இல்லாத தரவை நம்பி எதையும் சொல்ல முடியாது.

அப்புறம், சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவுசெய்வது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடித்துவிடுங்கள். 2018 ஏப்ரல் முதல், ஆய்வைத் தொடங்கிவிட்டுப் பிறகு பதிவுசெய்ய வழியில்லை.

ஸ்கேன் படத்தில் கட்டியையும் உறுப்புகளையும் சுற்றிக் கன்டூர் (எல்லைக்கோடு) போட்டுக் கொடுத்துவிட்டு, பிளான் போடுவது ஃபிசிசிஸ்ட் (கதிர்வீச்சைக் கணக்கிடும் இயற்பியலாளர்) பாடு என்று எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த உறுப்புக்கு எவ்வளவு டோஸ் போகிறது, ஏன் குறைக்க முடியவில்லை என்று கேளுங்கள். என் நல்ல ஆய்வுக் கேள்விகளில் பாதி அந்த நாற்காலியில் பிறந்தவை.

வேலைக்குச் சேரும் இடத்தில் மெஷின் எத்தனை, என்ன மாடல் என்று மட்டும் விசாரிப்பவர்கள் அதிகம். ஐந்து வருடம் முன்பு சிகிச்சை பெற்றவர்களின் ஃபாலோ-அப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.